செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், தூத்துக்குடிக் கடலில் தூண்டில் தொழில் செய்யும் நம் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா வசூல் வழக்கம்போல நடந்தது. வழக்கம்போல என்றால் பாக்கியும் உண்டு என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தடைக்காலத்தில் நின்றபோது, நம் ஃபைபர் படகுகளும் வள்ளங்களும் தொழிலுக்குப் போய்வந்தன.

மாதக் கூட்டங்களில் அதிகம் சத்தம் கேட்டது மிதப்பு விவகாரத்தில்தான். சீலா மீனுக்கும் பாறை மீனுக்கும் இரையாக உயிர்ச் சாளை மீனை ஓட விடும்போது அது பாருக்குள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்குள், இறங்கி மாட்டாமல் இருக்க மேலே ஏதாவது மிதக்க வேண்டும். சீலாவின் பல்லுக்குப் பயந்து கம்பி கட்டுகிறோம். அந்தக் கம்பியும் சாளையைக் கீழே இழுக்கிறது. அதனால் அவரவர் கையில் கிடைத்ததைக் கட்டினார்கள்: தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், அறுந்த ரப்பர் செருப்பு, பலூன்.

தெர்மாகோல் மணிமணியாக உதிர்ந்து கடலெல்லாம் பரவுகிறது. பலூனோ கச்சான் வீசும் மாதங்களில் கரையிலிருந்து அடிக்கும் காற்றில் ஆழ்கடலுக்கே ஓடிவிடுகிறது. வெடித்த பலூனை ஆமை இரையென்று விழுங்கும். எனவே பலூன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், சரி, ஆறிவிடும்.

நின்றது பாட்டில்தான். காலிப் பாட்டில் நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைவிட, காற்றின் பேச்சைத்தான் அதிகம் கேட்கும். இரண்டும் எதிரெதிராக இருக்கும் நாளில் அது படகுப் பக்கமே திரும்பி வந்து, அடுத்தவர் தங்கூசியோடு (நைலான் தூண்டில் நூலோடு) சிக்குப் போடும். பாதிக்குக் கடல் தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கினால் தாழ்ந்து நின்று, நங்கூரம் போட்ட படகிலிருந்து நீவாடு போகும் பக்கம் இரையைக் கொண்டுபோகும். மூத்த உறுப்பினர் ஒருவர் இதைச் செய்து காட்டிய பிறகு வாதம் அடங்கியது.

அடுத்தது கட்டும் விதம். பாட்டில் கழுத்தில் தங்கூசியை முடிச்சுப் போடாமல், இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கை நீளம்) இரைக்கு விட்டு, மெல்லிய ரப்பர் பேண்டால் பிடித்தால் போதும். சீலா இழுத்ததும் பேண்டு அறுந்து, மீன் நேராகக் கைக்கு வரும். பாட்டிலையும் சேர்த்து இழுத்தால் அலையில் அது வெட்டி வெட்டி இழுத்து மீனின் வாயைக் கிழித்துவிடும்.

ஆனால் விடுபட்ட பாட்டிலை யார் எடுப்பது? விட்டவர்தான். எண்ணெய்ச் செலவு என்ற பேச்சைச் செயற்குழு ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் படகின் பதிவு எண்ணைப் பெயின்டால் எழுத வேண்டும்; கண்டெடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் மிதந்து போனால் மட்டும் பின்னால் போகாதீர்கள். 1986 முதல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பாட்டிலை எடுக்கத்தான் வந்தோம் என்று சொன்னால் எந்த வனக்காவலரும் நம்பமாட்டார்.

வரும் ஆண்டு, ஆமையின் தொண்டைக்குள் எளிதில் இறங்காத வட்டத் தூண்டில்களை மொத்தமாக வாங்க எண்ணியுள்ளோம். தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டிவிட்டு அப்புறம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்