தண்ணீர் மட்டும் பாக்கி

அம்பாசமுத்திரம்
செப்டம்பர் 24

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜூலையில் நீ கனடாவிலிருந்து அனுப்பிய லேக் லூயிஸ் ஏரியின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இரண்டு மாதமாக அதோடுதான் பொழுது போகிறது. மூன்று படம் வரைந்தாயிற்று, ஒன்றும் சரியாக வரவில்லை. நாலாவது பாதியில் நிற்கிறது. அதை முடிக்க நீதான் உதவ வேண்டும்.

முதல் படத்தில் போட்டோவை அப்படியே நம்பிவிட்டேன். கரையில் இருந்த மரங்கள் கன்னங்கரேலென்று தெரிந்தன, நானும் கறுப்பாகவே பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. பனிமலையின் வெளிச்சத்துக்கு ஈடு கொடுக்கும்போது கேமரா நிழலை இருட்டாக்கிவிடும். நம் கண்ணுக்கு அந்த நிழலுக்குள்ளும் பச்சையும் ஊதாவும் தெரியும். அடுத்த தடவை அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, ஈரத்திலேயே கொஞ்சம் பச்சையை ஓடவிட்டேன். மரம் உயிர் பெற்றது.

ஆனால் தண்ணீர் கெட்டது. தாலோ நீலத்தைத் தெளிவாகப் பூசியதில் நீச்சல்குளம் மாதிரி ஆகிவிட்டது. அந்த ஏரியின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் படித்தேன். பனியாறு நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு ஏரியில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. வாட்டர்கலரில் வெள்ளையைக் கலக்காதே, தாளின் வெள்ளையை விட்டு வை என்று முப்பது வருஷம் வகுப்பில் சொன்னவன் நான். மூன்றாவது படத்தில் செருலியன் நீலத்தில் ஒரு துளி வெள்ளையைக் கலந்தேன். மாவு கரைந்த தண்ணீருக்கு அது வேண்டியிருந்தது.

நிறம் வந்தது, ஆனால் ஏரி அசையவில்லை. போட்டோவில் உறைந்து நின்ற சிற்றலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருந்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் போய் உட்கார்ந்தேன். காலடியில் கூழாங்கல் தெரிந்தது, தள்ளிப் போகப் போக வெறும் வானம்தான். கரையோர மருதமரத்தின் பிம்பம் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி ஆற்றின் அடி தெரிந்தது. ஒரு அலையைப் பின்தொடர்ந்தால் அது தொலைந்துபோகிறது. அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், அதே வடிவம் திரும்பத் திரும்ப வருவது பிடிபடுகிறது. அதைத்தான் வரைய வேண்டும்.

ஆனால் தாமிரபரணி தெளிந்த தண்ணீர். உன் ஏரியோ பால் கலந்தது போன்றது. இங்கே பார்த்ததை அங்கே கொண்டுபோய் வைத்தால் பொய்யாகிவிடும்.

நவம்பரில் ஏரி உறைந்துவிடுமாமே. கால்கரியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான் என்று சொல்லியிருந்தாய். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வா. கரையில் நின்றால் அடியில் கல் தெரிகிறதா, எத்தனை அடி வரைக்கும் தெரிகிறது? மரத்தின் பிம்பம் மரத்தைவிட வெளுத்திருக்கிறதா, அதில் ஏரியின் நிறம் கலந்திருக்கிறதா? காற்று வந்தால் முதலில் எந்த இடம் கலைகிறது?

இன்னொன்று. செல்போன் லென்ஸ் அகலமாகப் பிடிப்பதால் தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும். மொட்டைமாடியில் கோயில் கோபுரத்தை அளக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதுபோல ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து அளந்து பார். எதிர்க்கரையின் அகலத்தில், ஏரிக்குப் பின்னால் நிற்கும் விக்டோரியா மலையின் உயரம் எத்தனை பங்கு என்று எழுது.

போட்டோ எடுக்க வேண்டாம். பத்து நிமிஷம் நின்று பார், போதும். பாப்பாவுக்குத் தண்ணீர் என்ன நிறமாகத் தெரிகிறது என்றும் கேட்டு எழுது.

வானத்தையும் மரங்களையும் முடித்துவிட்டேன். மலை பென்சில் கோடாக நிற்கிறது. தண்ணீர் வர வேண்டிய இடத்தில் இன்னும் தூரிகை படவில்லை.

அன்புடன்,
அப்பா