கணக்கு சொல்லித் தருவது குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, மகள் வீட்டு மாடிப்படியை உன்னால் தனியாகவே ஏற முடிகிறது என்று படித்து நிம்மதியடைந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தயங்காமல் தொடங்கு. பணி ஓய்வுக்குப் பிறகு, மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும், முதல் நாளே முக்கோணவியலையோ இருபடிச் சமன்பாட்டையோ எடுக்காதே. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லிப் பார். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். "தவறு" என்று சொல்லிவிடாமல், ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சிறியதா என்று கேள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு அது எப்படிக் குறைந்தது என்ற கேள்வி பிள்ளைக்குள்ளேயே எழுந்துவிட்டால், பொதுப் பகுதி, அதாவது இரு பின்னங்களுக்கும் கீழே ஒரே எண், எதற்கு என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 3எக்ஸ் = 12 என்ற சமன்பாட்டிற்கு எக்ஸ் = 9 என்று விடை எழுதினாள். அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்ததால், 3 அங்கே போய்க் கழித்தலாகிவிட்டது. மூன்று பேனாவின் விலை 12 ரூபாய் என்றால் ஒரு பேனா என்ன விலை என்று கேட்டேன்; கேட்டு முடிப்பதற்குள் "நாலு ரூபாய்" என்றாள். பிறகு தான் எழுதிய வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூன்றால் வகுக்கணுமா டீச்சர்?" என்றாள். இரு பக்கத்திலும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பதை உணராமல் குறி மாற்றத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பிலிருந்து இயற்கணிதம் முழுவதுமே புரியாத மந்திரமாகிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது, ஏனென்றால் அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை.

பெற்றோரின் அவசரம்தான் நமக்குப் பெரிய தடை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மாதிரி வினாத்தாள்களை மட்டும் போடச் சொல்லி வந்து நிற்பார்கள். அவர்கள் கணக்கிலும் நியாயம் உண்டு: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்திற்கும் தலா 8 என 30 மதிப்பெண்களைப் பயிற்சியாலேயே பெற்றுவிடலாம், தேர்ச்சிக்குத் தேவை 35. தோல்விப் பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு நானும் முதலில் காம்பஸையும் அளவுகோலையும் கையில் கொடுத்துத் தொடுகோடு வரையத்தான் பழக்குகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்த சில வாரங்களிலேயே அந்தப் பிள்ளை தடுமாறி, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடும். ஆகவே தேர்வுப் பயிற்சிக்கு நடுவிலும், நாளுக்குக் கால் மணி நேரமாவது ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடத்திற்குத் திரும்பிப் போ. பெற்றோர் கேட்டால் காரணத்தைப் பொறுமையாகச் சொல்.

ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் சேர்க்காதே. ஒவ்வொரு நோட்டையும் விடைக்காக இல்லாமல், பிள்ளை எந்த வரியில் தடம் மாறியது என்று அறிவதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் சேர்ந்தால் அது நடக்காது. அழிப்பானையும் பயன்படுத்த விடாதே, அழித்த இடத்தில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கும்.

உன்னிடம் வரப்போகிறவர்கள் எந்த வகுப்பு, தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று எழுது. முடிந்தால் அவர்களுடைய பழைய தேர்வுத்தாள் சிலவற்றைப் படம் எடுத்து அனுப்பு. இருவருமாகப் பார்த்து எங்கிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் தோழி