புட்டுத்தோப்பில் அம்மாவைத் தூக்கிவந்த அண்ணனுக்கு நன்றி

ஆவணி மூலத் திருவிழாவில், பிட்டுக்கு மண் சுமந்த லீலை அன்று மதுரை ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக் கூட்டத்தில் மயங்கி விழுந்த என் அம்மாவைத் தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்ட அண்ணன் யாரோ, அவருக்குக் கோடி நன்றி. பச்சைச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு. அந்தத் துண்டாலேயே அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அண்ணே, போலீஸில் இருக்கிற மச்சான், வார்டில் செல்வாக்குள்ள சித்தப்பா என்று எல்லாருக்கும் போன் போட்டேன், யாருக்கும் லைன் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் அந்த நெரிசலில் வந்து சேர்ந்திருக்க முடியாது. ‘சொக்கநாதா, நீதான்ப்பா கதி’ என்று வாய்விட்டுக் கத்தினேன். நீங்கள் வந்து நின்றீர்கள்.

வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரணும் என்று பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு கூடை சுமந்தவர் அந்தச் சொக்கநாதர், பிரம்படியும் பட்டவர். பாண்டியனின் அதிகாரம் அந்தக் கிழவிக்கு என்ன செய்தது? யாருமில்லாத இடத்தில் அவரே ஆளாக வருவார் என்று சின்ன வயசிலிருந்து கேட்டதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

சர்க்கரை இறங்கியதுதான் காரணமாம், அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, அம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறார்.