சொல்லை எண்ணினால் கவிஞர் கிடைத்துவிடுவாரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சொற்களைக் கணினியில் எண்ணி, கவிதை யாருடையது என்று கண்டுபிடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவாரஸ்யம்தான். ஆனால் ஷேக்ஸ்பியர் கவிதை ஒன்றைப் புள்ளியியல் 'உறுதி செய்துவிட்டது' என்று போகிறபோக்கில் எழுதியிருப்பது சரியில்லை.

1985-இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துப் பழைய சுவடி ஒன்றில், ஷேக்ஸ்பியர் பெயரோடு இருந்த 429 சொல் காதல் கவிதையை கேரி டெய்லர் என்ற ஆய்வாளர் வெளியே கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியர் எழுதியதாக ஏற்கெனவே அறிந்த 8,84,647 சொற்களின் கணக்கை வைத்துக்கொண்டு, இன்னும் இவ்வளவு எழுதினால் அதுவரை எங்குமே கையாளாத சொல் எத்தனை வரும் என்று எஃப்ரான், திஸ்டெட் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். கணக்கு சொன்னது சுமார் 7. கவிதையில் இருந்தது 9. சரி, பொருந்துகிறது.

ஆனால் அவர்களே மற்றவர்கள் கவிதைகளையும் இதே சோதனைக்குள் விட்டுப் பார்த்தார்கள், கட்டுரையாளர் விட்டுவிட்டது இதைத்தான். ஷேக்ஸ்பியர் காலத்துக் கவிஞர் பென் ஜான்சனின் 411 சொல் கவிதையில் புதுச்சொல் 8, ஷேக்ஸ்பியரே எழுதிய 'ஃபீனிக்ஸும் புறாவும்' கவிதையிலோ 352 சொல்லுக்கு 14! இந்த ஓர் அளவை மட்டும் நம்பினால் ஜான்சன் உள்ளே வந்துவிடுவார், ஷேக்ஸ்பியர் வெளியே நிற்பார். அதனால்தான் ஷேக்ஸ்பியர் ஒரு தடவை, இரண்டு தடவை மட்டும் கையாண்ட சொற்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதன் பிறகும் அவர்களால் சொல்ல முடிந்தது, கவிதை அவருடைய சொல்வழக்கோடு ஒத்துப்போகிறது என்பதுதான். பல ஆய்வாளர்கள் இன்றும் அதை அவருடையதாக ஏற்கவில்லை. போதாததற்கு அந்தக் கவிதை அடிக்கடி இயைபு கேட்கும் வடிவம், இயைபுக்காகவே வழக்கமில்லாத சொல் வந்துவிடலாம்; எதுகைக்காகச் சொல் தேடி அலைந்தவர்களுக்கு அதன் பாதிப்பு தெரியும்.

இதையே கம்பராமாயண மிகைப்பாடல்களுக்கும், அதாவது கம்பர் எழுதாமல் பிறர் இடையில் சேர்த்தவை என்று கருதப்படும் பாடல்களுக்கும், செய்யலாம் என்கிறார் கட்டுரையாளர். தாராளமாகச் செய்யட்டும், ஆனால் சந்தி பிரித்து எண்ணுவாரா, அச்சில் இருக்கிறபடியே எண்ணுவாரா? வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களைத் தனித்தனிச் சொல்லாக எடுத்தால் நம் மொழியில் எல்லாமே புதுச்சொல்லாகத்தான் தெரியும். அப்புறம், கம்பருடையதுதான் என்று யாரும் சந்தேகப்படாத பாடல்கள் கொஞ்சம், அதே விருத்தத்தில் சீவக சிந்தாமணியிலிருந்து கொஞ்சம், இரண்டையும் கலந்து கொடுத்து அவருடைய கணினி பிரித்துக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்