ஜெனீவாவுக்கு ஒரு மடல்: ஜாதியை ஜாதின்னே எழுதுங்க

ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்துல உக்காந்திருக்குற 47 நாட்டுப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல செப்டிக் டேங்க் கிளீன் பண்ண இறங்குன ரெண்டு பேரு செத்துட்டாங்க. முதல்ல ஒருத்தன், அவனத் தூக்கப் போனவன் ரெண்டாவது. எப்பவும் இப்படித்தான், ஒருத்தனோட நிக்காது. மறுநாள் பேப்பர்ல "விஷவாயு தாக்கி"ன்னு நாலு வரி, யாரு இறக்கி விட்டான்னு அதுல இல்ல, எந்த ஜாதிக்காரன இறக்குறாங்கன்னும் இல்ல. படிச்சதும் எங்க மாமா ஞாபகம் வந்துடுச்சு, அக்கா வீட்டுக்காரர், அவரும் இப்படித்தான் போனார்.

மாமா இறங்குறதுக்கு முன்னாடி உடம்பு பூரா தேங்கா எண்ணெய் தடவிக்குவார். மூடியத் தெறந்து விட்டுட்டு ஒரு பீடி முடியுற நேரம் காத்திருப்பார், அதுதான் கேஸ் டெஸ்ட்டு. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சாலும் விரல மோந்து பாத்துட்டு ஸ்பூன்தான் கேப்பார், கையால சாப்பிட மாட்டார். தெருவுல அவருக்கு "தொர"ன்னு பட்டப்பேரு.

மாமா செத்ததுக்குப் போட்ட போலீஸ் கேஸ்ல "தவறி விழுந்து"ன்னு எழுதிட்டாங்க. சாக்கடையில இறங்கி செத்தவங்க குடும்பத்துக்கு சுப்ரீம் கோர்ட் 2014ல 10 லட்சம் குடுக்கச் சொன்னுச்சு, 2023ல அத 30 லட்சமாக்குச்சு, ஆனா தவறி விழுந்தவனுக்கு அதெல்லாம் கிடையாதாம். பேர மாத்தி எழுதிட்டா பிரச்சினையே இல்லாமப் போயிடுது பாருங்க. 2021ல பார்லிமென்ட்லயும் அதத்தான் சொன்னாங்க, கையால மலம் அள்ளி யாரும் சாகல, சாக்கடையில இறங்கி செத்தவங்க வேற கணக்குன்னு.

நீங்களும் அதே வேலையத்தான் பண்றீங்கன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. 1965 ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில, எத வச்செல்லாம் பாகுபாடு காட்டக் கூடாதுங்கிற இடத்துல "வம்சாவளி"ன்னு ஒரு வார்த்த இருக்கு, அதப் போடச் சொன்னதே இந்தியாதான், ஜாதி அதுக்குள்ள வராதுன்னு அடிச்சு சொல்றதும் இந்தியாதான். 2001ல டர்பன்ல நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு எங்க தலித் ஆளுங்க எவ்வளவோ பேர் போய் கத்தியும் கடைசி அறிக்கையில ஜாதிங்கிற வார்த்த வரல. அடுத்த வருஷம் அந்த உடன்படிக்கையக் கண்காணிக்கிற உங்க பக்கத்து ரூம் கமிட்டி 29ஆவது பொதுப் பரிந்துரையில ஜாதியும் வம்சாவளிதான்னு எழுதிக் குடுத்துச்சு, அதுக்கு நன்றி. அப்புறம்? செய்யுற வேலையவும் வம்சாவளியவும் வச்சுக் காட்டுற பாகுபாட்ட ஒழிக்கன்னு ஒரு கோட்பாட்டு வரைவ 2009ல நீங்களே வெளியிட்டீங்க. வரைவாவேதான் கிடக்கு.

தொழுநோய் பாதிச்சவங்களுக்கு 2010ல கோட்பாடு வந்துச்சு, 2017ல தனியா சிறப்பு அறிக்கையாளரே வந்தாச்சு, அதாவது அந்த ஒரு பிரச்சினைய மட்டும் பாத்து மன்றத்துக்கு அறிக்கை குடுக்குற ஆள். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்திருக்குற அல்பினிசம் உள்ளவங்களுக்கு 2015லயே தனி நிபுணர். சத்தியமா சந்தோஷம், அவங்களையும் ரொம்ப காலமா யாரும் திரும்பிப் பாக்கல. ஆனா ஒண்ணு, தொழுநோய்க்கு ஜப்பான் அரசாங்கமே முன்ன நின்னு தீர்மானம் கொண்டு வந்துச்சு. எங்களுக்கு முன்ன நிக்க வேண்டிய அரசாங்கம் குறுக்க நிக்குது. 2016ல சிறுபான்மையினருக்கான உங்க அறிக்கையாளர் ஜாதியப் பத்தி எழுதுனப்பவும் முறைச்சுக்கிச்சு. அப்போ எந்த நாட்டு ஆபீசருக்கும் சங்கடம் வராத கஷ்டம்தான் மனித உரிமைப் பிரச்சினை ஆகும் போல! இங்க என்னடான்னா சாக்கடை அள்ள ரோபோ வந்துடுச்சுன்னு ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துக்குறாங்க, அந்த ரோபோ எங்க தெருவுக்குள்ள நுழையுமான்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்குங்க. தயவு பண்ணி அந்த 2009 வரைவ எடுத்து தூசி தட்டி நிறைவேத்துங்க, எங்களுக்கும் தனியா ஒரு அறிக்கையாளரப் போடுங்க, எழுதுறப்ப வம்சாவளி கிம்சாவளின்னு சுத்தாம ஜாதிய ஜாதின்னே எழுதுங்க.

அந்த "தவறி விழுந்து" பேப்பர அக்கா லேமினேட் பண்ணி வச்சிருக்கு. வேணும்னா சொல்லுங்க, ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறேன். தமிழ்லதான் இருக்கு, மொழிபெயர்க்க உங்ககிட்ட ஆள் இருப்பாங்க.