அப்கிரேட் பண்ணதுல காணாம போன என் ஃபைல்கள் பத்தின புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாசம் 6ஆம் தேதி ராத்திரி உங்க ஆபரேட்டிங் சிஸ்டத்தோட புது வெர்ஷனுக்கு மாறினேன், நானா தேடிப் போய் மாறல, ரெண்டு வாரமா தினமும் ஒரு பெட்டி வந்து இப்ப பண்ணவா அப்புறம் பண்ணவான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, வேணாம்னு சொல்ல அதுல பட்டனே இல்ல. பர்சனல் ஃபைல்களை வச்சுக்கணும்ங்கிற ஆப்ஷன் டிக் ஆகியிருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டுதான் நெக்ஸ்ட் குடுத்தேன்.

காலையில பாத்தா டெஸ்க்டாப்ல ரீசைக்கிள் பின் மட்டும்தான் இருக்கு. டாகுமென்ட்ஸ் காலி, பிக்சர்ஸ் காலி. டெம்பரரி ப்ரொஃபைல்ல, அதாவது உங்க கணக்குக்கு பதிலா ஒரு தற்காலிக கணக்குல, லாகின் ஆகியிருக்கீங்க, இதுல செய்யற வேலை எதுவும் நிக்காதுன்னு ஒரு மெசேஜ் வேற. அத படிச்சதும் கை நடுங்கிடுச்சு.

நான் மொழிபெயர்ப்பு பண்றவ. ஒரு புத்தகத்துல 180 பக்கம் முடிச்சு வச்சிருந்தேன், கூடவே அந்த புத்தகத்துக்குன்னு ஒரு சொல் பட்டியல், எந்த சொல்லுக்கு எந்த சொல், ஏன் இத எடுத்தேன், எத விட்டேன்னு ஒவ்வொண்ணுக்கும் குறிப்போட. பக்கத்த திரும்ப டைப் பண்ணிடலாங்க. அந்த குறிப்பு ஒவ்வொண்ணும் ஒரு சாயங்காலம் முழுக்க யோசிச்சது, அத எங்க போய் தேடறது? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் இருக்கு, ஆனா அது அஞ்சு மாசம் பழசு, இந்த வேலை ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்.

அன்னிக்கே உங்க சாட்டுக்கு வந்தேன். ஒன்றரை மணி நேரம் ரீஸ்டார்ட் பண்ணுங்க, புது யூசர் அக்கவுண்ட் போடுங்கன்னு சொன்னாங்க, எல்லாம் பண்ணேன், ஒண்ணும் வரல. நாலாவது நாள் உங்க டெக்னீஷியன் ரிமோட்ல கனெக்ட் ஆனார். சி டிரைவ்ல இடம் கம்மியா இருக்கு, அதனாலதான் ப்ரொஃபைல் லோட் ஆகலன்னு சொல்லிட்டு தேவையில்லாத ஃபைல்கள அழிச்சு இடம் பண்ற டிஸ்க் க்ளீனப்ப ஓட்டினார், அதுல இருந்த பெட்டி எல்லாத்தையும் டிக் பண்ணார். முந்தைய இன்ஸ்டலேஷன்னு ஒரு வரி, அதுக்கு நேரா 38 ஜிபி. இது என்னங்கன்னு கேட்டேன். பழைய சிஸ்டம் ஃபைல்தான் மேடம், தேவையில்லன்னார். நான் நம்பினேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

அப்புறம் டேட்டா ரெகவரி பண்றவர்கிட்ட கொண்டு போனப்பதான் விஷயமே புரிஞ்சுச்சு. அப்கிரேட் ஆனதும் பழைய சிஸ்டம் அப்படியே ஒரு தனி ஃபோல்டர்ல 10 நாள் வரைக்கும் இருக்குமாம், புதுசு ஒத்துவரலன்னா திரும்பிப் போறதுக்கு. புது இடத்துக்கு வந்து சேராத யூசர் ஃபைல்கள் அதுக்குள்ளயே தங்கிடறது உண்டாம், அதனால ஃபைல் காணோம்னா முதல்ல அங்கதான் பாக்கணுமாம். உங்க ஆள் அழிச்சது அந்த ஃபோல்டரத்தான். ஹார்ட் டிஸ்க்கா இருந்தா அழிச்சதுக்கு அப்புறமும் மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் எடுத்திருக்கலாம், என்னோடது எஸ்எஸ்டி, தட்டு சுத்தாம சிப்லயே சேமிக்கிற வகை, அதுல ட்ரிம்னு ஒண்ணு அழிச்ச இடத்த காலி பண்ணி வச்சிடுது. கடைசியில ஃபைல் பேரு வந்துச்சு. என் சொல் பட்டியல் பேரும் அதுல இருந்துச்சு, தொறந்து பாத்தா உள்ள வெறும் ஜீரோ.

இவ்வளவுக்கு அப்புறம், பேக்கப் வாடிக்கையாளர் பொறுப்புன்னு உங்ககிட்டேந்து ஒரு மெயில். அஞ்சு மாசம் பேக்கப் எடுக்காதது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நாலாவது நாள் வரைக்கும் அந்த 38 ஜிபி என் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு, அத அழிச்சது நான் இல்லயே.

அந்த ரிமோட் செஷன்ல என்னென்ன பண்ணாங்கங்கிற பதிவு எனக்கு வேணும். ரெகவரிக்கு ஆன செலவோட பில் இணைச்சிருக்கேன், அத நீங்கதான் குடுக்கணும். ஃபைல் காணோம்னு யார் வந்தாலும் முதல்ல அந்த பழைய ஃபோல்டர தொறந்து பாக்கணும், ஃபைல் கிடைக்கிற வரைக்கும் க்ளீனப் பக்கமே போகக்கூடாதுன்னு உங்க சப்போர்ட் ஆளுங்களுக்கு எழுத்துல சொல்லுங்க. இன்னிக்கு கூட யாராவது உங்க சாட்டுல நாலாவது நாள்ல உக்காந்திருப்பாங்க, அவங்க ஃபைலாவது தப்பிக்கட்டும்.

15 நாளுக்குள்ள மெயில்ல பதில் வேணும், ஃபோன்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்