போர்ட் டால்போட் என்ன ஆகும், அண்ணே?

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே நல்ல சுகம். அம்மாவும் மதினியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்குச் சுகர் மாத்திரையை மதினியே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

நீங்கள் போனில் கேட்டபோது நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "போர்ட் டால்போட்ல இரும்புக் கம்பெனியையே மூடிட்டாங்களாமே, இன்னொரு தனுஷ்கோடி ஆகப் போற ஊர்ல எதுக்கு வீடு வாங்குற?" என்று கேட்டீர்கள். அப்புறம், விசைப்படகைக் கொடுத்துவிட்டு அரசு மானியத்தில் ஆழ்கடல் படகுக்கு எழுதிக் கொடுக்கலாமா என்றும் கேட்டீர்கள். யோசிக்க யோசிக்க ரெண்டும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில், கார்டிஃபிலிருந்து சுவான்சீ போகிற வழியில் கடலோரத்தில் இருக்கிறது, முப்பதாயிரம் பேர் சொச்சம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கிற ஒடுங்கிய நிலத்தில் வீடுகளும் இரும்பு ஆலையும். ஆலையில் 1960-களில் பதினெட்டாயிரம் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். அப்போது கிடைத்த சம்பளத்தைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் 'புதையல் தீவு' என்றே கூப்பிட்டார்களாம். 1980-ல் நாடு முழுக்க இரும்புத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. அப்படிக் குறைந்து குறைந்து 2024 தொடக்கத்தில் சுமார் நாலாயிரம் பேரில் வந்து நின்றது. அந்த வருஷம் மார்ச்சில் நிலக்கரியைச் சுட்டு உலைக்கான கோக் கரி ஆக்குகிற கோக் அடுப்புகளை நிறுத்தினார்கள், ஜூலையில் இரும்புத் தாதுவை உருக்குகிற ஒரு ஊது உலை, செப்டம்பர் 30-ம் தேதி கடைசி ஊது உலை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

2007-லிருந்து இந்த ஆலை டாடாவுடையது. கடைசி உலை அணைந்த அதே மாதம் ஒடிசாவில் கலிங்கநகரில் அவர்களுடைய பெரிய புது ஊது உலை எரியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் என் வார்டில் இருந்த ஒரு பெரியவர், இங்கே அணைத்துவிட்டு அங்கே ஏன் ஏற்றினார்கள் என்று என்னிடம் கேட்டார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி சொல்கிறது, உலைகளும் பழசு, கரிப்புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதும் நிஜம். வேல்ஸிலேயே அதிகமாகக் கரியமில வாயு விட்ட இடம் இந்த ஆலைதான். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

உலை எரிந்தபோது எங்கள் தெருவில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுவார்கள். ஆலைப் பக்கக் காற்று என்றால் சன்னல் விளிம்பில் விரலை வைத்தாலே செந்தூள் ஒட்டும், காலையில் துடைத்தது சாயங்காலம் திரும்ப இருக்கும், கார் மேலே மழை பெய்தால் சிவப்புக் கோடு இறங்கும். இப்போது அந்தத் தூள் நன்றாகக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டே துடைத்தவர். போன மாதம் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம்கூட அழுக்காகாத துணியை என்னிடம் நீட்டி, "இந்தத் தூளோடயே என் ரெண்டு பையன்களும் இங்கேயே இருந்திருக்கலாம்" என்றார். மூத்தவர் கோக் அடுப்பில் இருந்தவர், இப்போது சுவான்சீயில் ஒரு கிட்டங்கியில் பாதிச் சம்பளத்துக்குப் போகிறார். இளையவர் பிரிஸ்டலுக்கே குடும்பத்தோடு போய்விட்டார்.

சரி, இனிமேல் என்ன ஆகும்? மின்சாரத்தால் பழைய இரும்பை உருக்குகிற உலை கட்டுகிறார்கள். மொத்தம் 125 கோடி பவுண்டு, அதில் அரசு கொடுப்பது 50 கோடி. 2025 ஜூலையில் வேலை தொடங்கிவிட்டது, 2027 கடைசியிலோ 2028 தொடக்கத்திலோ ஓடும் என்கிறார்கள், வருஷத்துக்கு 30 லட்சம் டன். அதுவரை வெளியிலிருந்து கப்பலில் வருகிற இரும்புப் பாளத்தை இங்கே தகடாக உருட்டுகிறார்கள். ஆக ஆலை முழுசாகச் சாகவில்லை. ஆனால் அந்த உலைக்குக் கரியும் வேண்டாம், கோக் அடுப்பும் வேண்டாம், இத்தனை ஆளும் வேண்டாம்.

என் கணிப்பைக் கேட்டீர்கள் என்றால், இது தனுஷ்கோடி ஆகாது. 1964-ல் தனுஷ்கோடியை ஒரே ராத்திரியில் கடல் எடுத்துக்கொண்டது. ஒரு தொழிலை நம்பின ஊர் அப்படிப் போவதில்லை, ஒவ்வொரு வீடாக, அதுவும் இளவட்டங்களாகப் பார்த்துப் போகும். இங்கிருந்து கிழக்கே மலைக்குள்ளே எப்பு வேல் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே 2002-ல் கடைசி ஆலையை மூடினார்கள். இப்போது அந்த ஆலை நிலத்திலேயே ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. 2008-ல் திரும்ப ரயில் விட்டார்கள், காலையில் ஜனங்கள் கார்டிஃபுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வைத்திருப்பது, 1948-ல் இலவச மருத்துவ சேவையைக் கொண்டுவந்த அனூரின் பெவனின் பேர், அவர் அந்தத் தொகுதி எம்.பி.யாக இருந்தவர். ஊர் இருக்கிறது. வேலைதான் வேறு ஊரில் இருக்கிறது. போர்ட் டால்போட்டும் அந்தப் பக்கம்தான் போகும், ஆனால் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஏனென்றால் இங்கே இரும்பும் மிஞ்சும், ஆழமான துறைமுகமும் இருக்கிறது. கடலில் மிதக்கிற காற்றாலைகளை இங்கே வைத்துப் பூட்டலாம் என்று பேசுகிறார்கள், 2025-ல் அதற்கான கடல் பகுதிகளையும் ஒதுக்கியாயிற்று. அதை நான் இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கமாட்டேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு அறிவிப்புக்கும் படகு கரை சேர்வதற்கும் உள்ள தூரம் தெரியும்.

எனக்கு ஆறாத வருத்தம் நடுவில் இருக்கிற மூணு வருஷத்தைப் பற்றித்தான். புது உலை வரும்வரை ஒரு பழைய உலையையாவது எரியவிடுங்கள், ஆட்களை அப்படியே புது உலைக்குப் பழக்கலாம் என்று தொழிற்சங்கங்கள் திட்டமே எழுதிக் கொடுத்தன. செலவு கட்டாது என்று கம்பெனி மறுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் ஆலையின் உலைகள் அணைகிற நிலைமை வந்தபோது, சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி ஒரே நாளில் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அண்ணே. 2028-ல் உலை வரும், ஆனால் பிரிஸ்டலில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட அந்த இளையவர் திரும்பி வருவாரா? என் கணிப்பில் வரமாட்டார்.

இதையே உங்கள் விஷயத்திலும் பாருங்கள். பாக் நீரிணையில் இழுவை மடி வலை அடித்து அடித்துக் கடல் மொட்டையாகிவிட்டது, 1974-ல் போட்ட கடல் எல்லைக் கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, படகும் போகிறது ஆளும் போகிறது. மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாட்டுப்படகுக்காரர்களும் அக்கரை ஆட்களும் படுகிற பாடு நமக்குத் தெரியாததா? ஆனால் 2017-ல் இந்த ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தபோது ரெண்டாயிரம் படகு மாற்றப்போவதாகச் சொன்னார்கள், அந்த எண்ணிக்கை கிட்டக்கூட வரவில்லை. ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், நம் கைக்காசு 10, மிச்சம் 20 வங்கிக் கடன் என்றார்கள். காகிதத்தில் நல்ல கணக்குதான். ராத்திரி போய்க் காலையில் கரைக்கு வருகிற தொழிலாளியைத் தங்குகடலுக்கு வாரக்கணக்கில் கூட்டிப்போய்ச் சூரை மீனுக்குத் தூண்டில் போடச் சொன்னால் அவனுக்கு யார் பழக்கிக் கொடுப்பது? பழைய படகு கையை விட்டுப் போன நாளிலிருந்து புதுப் படகில் முதல் பாடு வருகிறவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? மானியம் படகுக்காரருக்கு. உங்கள் படகில் வருகிறவர்களுக்கும், கரையில் மீன் தரம் பிரிக்கிற அக்காமார்களுக்கும் அதில் ஒன்றுமில்லை.

அதனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மீன்துறை அலுவலகத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: பழைய படகை எந்த நாளில் ஒப்படைக்க வேண்டும், புதுப் படகு எந்த நாளில் கைக்கு வரும், ரெண்டுக்கும் நடுவில் கடன் தவணை ஓடுமா நிற்குமா. தனியாகப் போகாதீர்கள், சங்கத்து ஆட்களில் நாலு பேரோடு போங்கள், ஒருவர் கேட்டால் வாய்ச்சொல்லோடு அனுப்பிவிடுவார்கள். முடிந்தால் உங்கள் ஆட்களில் ரெண்டு பேரை இந்த வருஷமே, படகு கையில் இருக்கும்போதே, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துப் படகில் ஒரு நடை அனுப்பிப் பழக்குங்கள். அவர்கள் ஆழ்கடலிலேயே வளர்ந்தவர்கள்.

வீட்டை வாங்கத்தான் போகிறோம். எங்கள் சம்பளம் உலையிலிருந்து வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது, இந்த ஊரில் வயதானவர்கள் கூடிக்கொண்டேதான் போவார்கள். மருமகன் டிப்ளமோவில் எலக்ட்ரிகல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தான், எடுக்கச் சொல்லுங்கள்.

புதுப் படகுக்கான கைக்காசில் ஒரு பங்கு நான் போடுகிறேன் என்று சொன்னது சொன்னதுதான், ஆனால் அந்தத் தேதிகள் எழுத்தில் வந்த பிறகு. படிவத்தை எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுத்து மருமகனிடம் கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை